பிரிட்டனில் பரம்பரைப் பிரபுப் பட்டம்: வாரிசு என்று நிரூபிக்க என்னென்ன செய்ய வேண்டும்?

என் அத்தான் குன்னூரில் பிறந்த ஆங்கிலேயர். அவருடைய தந்தை நீலகிரியில் தேயிலைத் தோட்ட மேலாளராக இருந்தவர். 1975-இல் அக்காவைத் திருமணம் செய்துகொண்டு சில ஆண்டுகளில் இங்கிலாந்துக்கு வந்து குடியேறினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய பெரியப்பா மகன் பிள்ளையில்லாமல் இறந்துபோனார். அவர் பரம்பரை வழியாகப் பாரன் பட்டம் பெற்றிருந்தவர். அடுத்த வாரிசு நீங்கள்தான் என்று வழக்கறிஞரின் கடிதம் வந்தபோது அத்தானுக்கு வயது 78. கண்பார்வை மங்கியிருந்தது. ஆவணங்களைத் திரட்டும் பொறுப்பை அக்கா என்னிடம் ஒப்படைத்தாள்.

முழுதாக 14 மாதங்கள் ஆயின. சரியான வரிசையில் செய்திருந்தால் அதில் பாதி போதும். நீலகிரி, வால்பாறை, இலங்கை மலையகம் ஆகிய இடங்களில் தோட்டம் நடத்திய ஆங்கிலக் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்ட நம் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். லண்டனில் சட்ட அலுவலகங்களில் புதிதாகச் சேரும் தமிழ் இளைஞர்களும் இருக்கிறார்கள். இப்படியொரு கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால் நான் அலைந்ததுபோல நீங்கள் அலையக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்னவர் இறந்த கணத்திலேயே பட்டம் வாரிசுக்கு வந்துவிடுகிறது. ஆனால் 2004 ஜூன் 1 தேதியிட்ட அரச ஆணையின்படி, பிரபுக்களின் பதிவேட்டில் பெயர் ஏறாதவரை எந்த அரசு ஆவணத்திலும் அவரை அந்தப் பட்டத்தால் குறிப்பிடமாட்டார்கள். 'பாரோனெட்' என்ற இன்னொரு பரம்பரைப் பட்டத்துக்கும் இதேபோல் தனிப் பதிவேடு உண்டு. அது 1910-இல் வந்த ஆணை. ஆகவே வேலை முழுவதும் அந்தப் பதிவேட்டில் ஒரு வரியைச் சேர்ப்பதற்கான வேலைதான்.

1. என்ன பட்டம் என்று உறுதிசெய்யுங்கள்

பிரபுப் பட்டங்களில் ஐந்து படிகள்: டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். பாரோனெட் பட்டமும் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதுதான் என்றாலும் அது பிரபு வரிசையில் சேராது. அதை உடையவர் 'சர்' என்றுதான் அழைக்கப்படுவார். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படும் வாழ்நாள் பாரன் பட்டங்கள் பெற்றவரோடு முடிந்துவிடும், பிள்ளைகளுக்கு வராது.

நம்மவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் 'சர்'. சர் பொன்னம்பலம் இராமநாதனுக்குக் கிடைத்தது வீரத்திருத்தகைப் பட்டம். அது அவருக்கு மட்டும் உரியது. ராவ் பகதூர், திவான் பகதூர் போன்றவையும் அப்படித்தான். தாத்தாவுக்கு 'சர்' பட்டம் இருந்தது என்று யாராவது சொன்னால், அது பாரோனெட் பட்டமா என்பதை முதலில் பாருங்கள். இல்லையென்றால் கோப்பை அங்கேயே மூடிவிடலாம்.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்காட்லாந்தில் ஒரு சதுர அடி நிலத்தை வாங்கினால் 'லெய்ர்ட்' அல்லது 'லார்ட்' ஆகலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். அது நினைவுப்பொருள், அதற்குமேல் ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் விலைக்கு வரும் 'மேனர்' என்ற பழைய நிலக்கிழார் உரிமையும் பிரபுப் பட்டம் ஆகாது. அரச கௌரவங்களை விற்பதும் வாங்குவதும் 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பணம் கொடுத்தால் பதிவேட்டில் பெயர் ஏற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

பட்டத்தோடு மாளிகையும் நிலமும் சேர்ந்து வரும் என்று எண்ணிக்கொண்டிருந்தால் அந்த எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். சொத்து உயில்படி போகும். பட்டம் சாசனப்படி போகும். அத்தானுக்கு வந்தது பட்டமும், பழைய கடிதங்கள் அடங்கிய ஒரு பிஸ்கட் டின்னும் மட்டுமே. அந்த டின் இல்லாவிட்டால் இந்தக் கோப்பை முடித்தே இருக்கமுடியாது என்பது வேறு விஷயம்.

2. காலக்கெடுவை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்

பட்டம் வேண்டாம் என்று துறக்கும் உரிமையை 1963-ஆம் ஆண்டுப் பிரபுக்கள் சட்டம் தருகிறது. அதற்கு 12 மாதங்கள் மட்டுமே. 21 வயது நிரம்பாதவர் என்றால் 21 ஆன நாளிலிருந்து 12 மாதங்கள். நாடாளுமன்றக் கீழவை உறுப்பினர் என்றால் ஒரே மாதம். தொழிற்கட்சி அரசியல்வாதி டோனி பென் போராடிக் கொண்டுவந்த சட்டம் இது. அவர் தம் வைகவுண்ட் பட்டத்தைத் துறந்தார். துறந்தவர் தம் வாழ்நாள் முழுவதும் திரும்பப் பெறமுடியாது, ஆனால் அடுத்த வாரிசின் உரிமை அப்படியே இருக்கும். டோனி பென் 2014-இல் இறந்ததும் பட்டம் அவருடைய மூத்த மகனுக்குப் போனது. பாரோனெட் பட்டத்தை இந்தச் சட்டப்படி துறக்கமுடியாது.

பதிவேட்டில் பெயர் ஏறட்டும், பிறகு யோசிக்கலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். ஆவணங்கள் சேர்வதற்குள் ஓர் ஆண்டு ஓடிவிடும். வேண்டுமா வேண்டாமா என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து முதல் சில வாரங்களிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

வாரிசு இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர் என்றால் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்தியக் குடிமகன் எவரும் வெளிநாட்டு அரசிடமிருந்து பட்டம் எதையும் ஏற்கக்கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 18-ஆவது உறுப்பு சொல்கிறது. விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே இது தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். அத்தானும் அக்கா மகனும் பிரிட்டன் குடிமக்கள் என்பதால் எங்களுக்கு இந்தச் சிக்கல் எழவில்லை.

3. மூலச் சாசனத்தைப் படியுங்கள்

யாருக்குப் பட்டம் போகும் என்பதைக் குடும்பப் பேச்சோ வழக்கமோ தீர்மானிப்பதில்லை. பட்டத்தை முதலில் வழங்கிய அரச சாசனத்தில் எழுதியிருப்பதுதான் தீர்மானிக்கும். பெரும்பாலானவற்றில் 'முறையாகப் பிறந்த ஆண் வழி வாரிசுகளுக்கு' என்று இருக்கும். மகளுக்கும் மகள் வயிற்றுப் பேரனுக்கும் அதில் இடமில்லை.

விதிவிலக்குகளும் உண்டு. சென்னை மாகாணப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், 1901-இல் ஏர்ல் ஆனபோது அந்தப் பட்டம் மகள்களுக்கும் போகலாம் என்று சாசனத்தில் எழுதப்பட்டது. 1914-இல் அவர் இறந்ததும் மகள்தான் அதைப் பெற்றார். ஸ்காட்லாந்தின் பழைய பட்டங்கள் பலவும் பெண்களுக்குப் போகக்கூடியவை. அதனால் சாசனத்தைப் பார்க்காமல் யாரையும் குடும்ப மரத்திலிருந்து வெட்டிவிடாதீர்கள்.

சாசனத்தின் பதிவு லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சி 66 என்ற வரிசையில் இருக்கும். வாசகர் அட்டை இலவசம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொண்டுபோக வேண்டும். ஞாயிறும் திங்களும் காப்பகம் திறப்பதில்லை. இது தெரியாமல் நான் ஒரு திங்கட்கிழமை இரண்டு ரயில் மாறிப் போய் மூடிய வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அரசிதழான லண்டன் கெஜட்டின் பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாகத் தேடலாம்; சாசனத் தேதி தெரியாவிட்டால் அதிலிருந்து தொடங்குங்கள்.

4. குடும்ப மரத்தை வரையுங்கள், இல்லாதவர்களையும் சேர்த்து

நான் அதிகமாகத் தடுமாறிய படி இது. அத்தான் யார், அவருடைய தந்தை யார், தாத்தா யார் என்று நேர்க்கோட்டில் காட்டினால் போதும் என்று நினைத்து மூன்றே வாரத்தில் ஒரு கோப்பைத் தயார்செய்துவிட்டேன். வழக்கறிஞர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "நடுவில் ஒருவர் இருக்கிறாரே, அவர் என்ன ஆனார்?"

இரண்டாவது பாரனுக்கு மூன்று மகன்கள். மூத்தவர் வழியில் வந்தவர்தான் இப்போது இறந்தவர். மூன்றாமவர் அத்தானின் தந்தை. இரண்டாமவர் 1920-களில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அவருக்கு ஒரு மகனோ, மகன் வழிப் பேரனோ எங்காவது இருந்தால் பட்டம் அவருக்கு; அத்தானுக்கு இல்லை. ஆக, நீங்கள் வாரிசு என்று காட்டுவது பாதி வேலை. உங்களுக்கு முன்னால் நிற்கக்கூடிய ஒவ்வொரு ஆணும் இப்போது இல்லை, அவருக்கு ஆண் வழியும் இல்லை என்று காட்டுவது மீதிப் பாதி. நேரமும் பணமும் போவது அங்கேதான்.

குடும்பத்தில் எல்லாரும் அவர் 'கல்யாணமே செய்துகொள்ளாதவர்' என்று சொன்னார்கள். அத்தானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தவர். ஆஸ்திரேலியாவில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வைத்திருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே இடத்தில் தேடமுடியாது. இரண்டு மாநிலங்களில் தேடிக் கிடைக்காமல் மூன்றாவதில் இறப்புச் சான்றிதழ் கிடைத்தது. அதில் திருமண நிலை என்ற கட்டத்தில் 'மனைவியை இழந்தவர்' என்று இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு அன்றிரவு நானும் அக்காவும் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு திருமணப் பதிவைத் தேடி, அங்கிருந்து பிள்ளைகளைத் தேடி, கடைசியில் இரண்டு மகள்கள் மட்டும்தான் என்று தெரிய ஏழு மாதங்கள் ஆயின. மூத்தவர் காலமாகிவிட்டார். இளையவருக்கு வயது 84. கடிதம் எழுதினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது, நடுங்கும் கையெழுத்தில், தந்தையின் புகைப்படம் ஒன்றை உள்ளே வைத்து. தமக்குச் சகோதரர் எவரும் இல்லை என்பதை உறுதிமொழியாக எழுதித் தரவும் ஒப்புக்கொண்டார். இரண்டாவது மகனின் மகள் அவர். மூன்றாவது மகனின் மகன் அத்தான். அந்த அம்மா ஆணாகப் பிறந்திருந்தால் பட்டம் அவருக்குத்தான். அது தெரிந்தும் மனமுவந்து உதவினார். பெண் என்பதால் மட்டும் ஒருவரைத் தள்ளிவைக்கும் இந்த விதி நியாயமற்றது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கடிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது உறுத்துகிறது.

ஆகவே என் அனுபவத்தில், 'கல்யாணம் செய்துகொள்ளாதவர்', 'போரில் இறந்தவர்', 'தொடர்பே இல்லை' என்று குடும்பம் சொல்லும் ஒவ்வொருவருக்கும் ஒரு தனித் தாள் போடுங்கள். அதில் இறப்புச் சான்று, திருமணப் பதிவுத் தேடலின் விவரம், உயில் இருந்தால் அதன் நகல் மூன்றையும் குறியுங்கள். போரில் இறந்தவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல் நல்ல தொடக்கம். உயில் மிகவும் பயன்படும். பிள்ளைகளின் பெயர்கள் பெரும்பாலும் அதில் வந்துவிடும்.

பிரபுக் குடும்பங்களைப் பட்டியலிடும் பெர்க்ஸ், டெப்ரெட்ஸ் போன்ற தொகுப்பு நூல்கள் வழிகாட்டத்தான் உதவும். சான்றாக அவற்றை மட்டும் நம்பாதீர்கள். நான் பார்த்த தொகுப்பு ஒன்றில் அந்த இரண்டாவது மகனுக்கு நேராக 'மணமாகாதவர்' என்றே அச்சிட்டிருந்தது. குடும்பத்தார் சொன்னதைத்தானே அவர்களும் அச்சிடுவார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி, கேட்கச் சங்கடமானது, ஆனாலும் கேட்டே ஆகவேண்டும். இறந்தவரின் மனைவி இளையவர் என்றால் அவர் கருவுற்றிருக்கிறாரா? தந்தை இறந்தபின் பிறக்கும் மகனுக்குத்தான் முதல் உரிமை. அந்த நிலை இருந்தால் குழந்தை பிறக்கும்வரை காத்திருக்கவேண்டும்.

5. பிரிட்டன் சான்றிதழ்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1 முதல் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 1855 முதல். அதற்கு முந்தையவை தேவாலயப் பதிவேடுகளில். எங்களுக்குத் தேவைப்பட்டவை: முன்னவரின் இறப்புச் சான்று, அவருடைய தந்தையின் மூன்று சான்றுகளும், அத்தானின் தந்தையினுடைய பிறப்புச் சான்று, தாத்தாவின் திருமணச் சான்று, பிறகு மேலே சொன்ன 'இல்லாதவர்கள்' ஒவ்வொருவருக்கும் உரியவை.

பொதுப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் எடுத்தோம். ஒரு சான்றிதழ் 12.50 பவுண்டு. அவசரச் சேவை 38.50 பவுண்டு, பணத்தை அதில் போடாதீர்கள், இந்த வேலையில் ஒரு நாள் முன்னதாகக் கிடைப்பதால் ஒரு பயனும் இல்லை. பிறப்புச் சான்றில் சுருக்க வடிவம் என்று ஒன்று உண்டு. பெற்றோர் பெயர் அதில் இருக்காது. முழு வடிவத்தையே கேளுங்கள். பி.டி.எஃப். நகலும் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அது தேடலுக்கு மட்டும். சமர்ப்பிக்க முத்திரையிட்ட தாள்தான் வேண்டும்.

மொத்தம் 23 சான்றிதழ்கள் எடுத்தோம். அவற்றில் ஆறு வேறு யாருடையவோ. ஒரே பெயர், பக்கத்து ஊர். குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து ஆர்டர் செய்ததால் வந்த இழப்பு. தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரை ஒப்பிட்டுப் பார்த்தபிறகே பணம் கட்டுங்கள்.

6. இந்தியாவிலும் இலங்கையிலும் நடந்த பிறப்பும் திருமணமும்

அத்தானின் பெற்றோர் 1944-இல் நீலகிரியில் ஒரு தேவாலயத்தில் திருமணம் செய்துகொண்டார்கள். 1946-இல் அத்தான் பிறந்தார். இந்த இரண்டும்தான் கோப்பின் அச்சாணி. லண்டனில் இருந்துகொண்டே இவற்றை எடுக்கலாம் என்பது தெரியாமல் நான் முதலில் குன்னூருக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டேன்.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இப்போது செயின்ட் பாங்க்ரஸில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில், இந்திய ஆட்சியைக் கவனித்த பழைய துறையான இந்தியா ஆபீஸின் ஆவணங்களில் இருக்கின்றன. வரிசைக் குறிகள்: வங்காளம் N 1, சென்னை N 2, பம்பாய் N 3. நீலகிரி சென்னை மாகாணம் என்பதால் N 2-இல் தேடவேண்டும். குடும்ப வரலாறு தேட உதவும் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்திலும் படிமங்கள் உண்டு. ஃபிபிஸ் என்ற பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தளத்தில் இலவசமாகவே பெயர் தேடலாம். தேடிக் கண்டுபிடித்தபின், பிரிட்டிஷ் நூலகத்திடம் சான்றொப்பமிட்ட நகல் கேளுங்கள்.

எல்லாமே லண்டனுக்கு வந்துசேர்ந்துவிடவில்லை. அங்கே இல்லையென்றால் மட்டும் ஊருக்குப் போங்கள். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பல ஆங்கிலிக்கன் தேவாலயங்கள் அதில் சேர்ந்தன. பழைய பதிவேடு அந்தத் தேவாலயத்திலோ பேராய அலுவலகத்திலோ இருக்கும். போவதற்கு முன் கடிதம் எழுதி, யாரிடம் சாவி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் போன தேவாலயத்தில் பதிவேடு உடைமாற்றும் அறையின் மர அலமாரியில் இருந்தது. மழைக்காலம். பக்கங்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தன. தேவாலய ஊழியரான கோயில்குட்டி விரித்துத் தந்த வெள்ளைத் துணியின்மேல் வைத்து, ஓலைச்சுவடி பிரிப்பதுபோல ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பழுப்பேறிய மையில் அத்தானின் அப்பா கையெழுத்து இருந்தது. பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் நீண்டு கோட்டுக்கு வெளியே போயிருந்தது. அத்தானுக்கு அதைப் படமெடுத்து அனுப்பினேன். படத்தைப் பெரிதாக்கி, கண்ணருகே வைத்துப் பார்த்தாராம். அக்கா சொன்னாள்.

ஆனால் அங்கே எழுதித் தந்த நகலில் தந்தையின் நடுப்பெயர் தவறாக விழுந்திருந்தது. இங்கிலாந்துக்குத் திரும்பியபிறகுதான் கவனித்தேன். திருத்தி வாங்க இரண்டு மாதம். நகலைக் கையில் வாங்கியதும் அங்கேயே மூலத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வெட்கப்படாதீர்கள்.

இந்தியாவில் எடுத்த ஆவணங்களுக்கு எங்கள் வழக்கறிஞர், வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அப்போஸ்டில் முத்திரை கேட்டார். முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. அமைச்சகத்தின் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். முகவர்களின் கூலி அதற்குப் பல மடங்கு. எத்தனை ஆவணம் என்று எண்ணி ஒரே தடவையில் அனுப்பினால் செலவு குறையும்.

இலங்கைத் தோட்டங்களில் பிறந்தவர்களைப் பற்றி ஒரு சொல்: இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் அவர்களைத் தேடி நாளை வீணாக்காதீர்கள். இலங்கை தனிக் குடியேற்ற நாடாக ஆளப்பட்டது. அங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்திடம்தான் கேட்கவேண்டும்.

7. 'முறையாகப் பிறந்தவர்' என்ற சொல்

சொத்துரிமையில் இன்று பிள்ளைகளுக்குள் வேறுபாடு பார்ப்பதில்லை. பட்டத்தில் பார்க்கிறார்கள். இங்கிலாந்துப் பட்டங்களில், பெற்றோர் திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளை, பின்னர் பெற்றோர் மணந்துகொண்டாலும் பட்டத்துக்கு வாரிசாக முடியாது. ஸ்காட்லாந்துப் பட்டங்களில் இது வேறு. தத்துப் பிள்ளைக்கும் பட்டம் வராது. எனவே பெற்றோரின் திருமணத் தேதியையும் பிள்ளையின் பிறந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏதாவது இடித்தால், விண்ணப்பிக்கும் முன் குடும்பத்துக்குள் பேசிவிடுவதுதான் கண்ணியம்.

இந்தியத் திருமணம் இதில் எப்படிச் சிக்கலாகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். பரம்பரைப் பிரபுப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் சத்யேந்திர பிரசன்ன சின்கா. 1919-இல் ராய்ப்பூரின் பாரன் சின்கா ஆனார். 1928-இல் அவர் இறந்தபின் மகன் அருண்குமார் உரிமை கோரினார். இந்து முறைத் திருமணம் அன்று பலதார மணத்துக்கு இடம் தந்தது, அதில் பிறந்தவர் முறையான வாரிசா என்ற கேள்வி எழுந்தது. மகனுக்குச் சாதகமாகப் பிரபுக்கள் அவையின் குழு முடிவு சொன்னது 1939-இல். நம் குடும்பங்களில் திருமணம் எந்தச் சட்டப்படி நடந்தது என்பதற்கான தாள் எவ்வளவு முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லமுடியாது. அக்காவின் திருமணத்தைப் பதிவாளர் முன்னிலையில் செய்யவேண்டும் என்று அப்பா அன்று பிடிவாதம் பிடித்தது இன்று என் அக்கா மகனுக்குக் கைகொடுக்கிறது.

மரபணுச் சோதனையும் இப்போது சான்றாகிவிட்டது. 1683-இல் உருவான பிரிங்கிள் பாரோனெட் பட்ட வழக்கில், பத்தாவது பாரோனெட்டாக இருந்தவர் உண்மையான ரத்த வழியில் வரவில்லை என்பது மரபணுவால் தெரிந்தது. 2016-இல், முடியரசின் ஆலோசனை அவையான பிரிவி கவுன்சில், பட்டம் வேறு கிளையைச் சேர்ந்தவருக்கே உரியது என்று அறிவுரை வழங்கியது. பொழுதுபோக்காக எச்சில் மாதிரி அனுப்பிச் சோதித்துப் பார்க்கும் உறவினர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

8. பெயர் வேறுபாடுகள்

ஹாரி, ஹென்றி என்று ஒரே ஆள் இரண்டு பெயரில் இருப்பார். ஒவ்வொரு வேறுபாட்டையும் ஒரு பட்டியலாக எழுதி, இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்றைப் பக்கத்தில் குறியுங்கள். எங்களுக்கு அந்தப் பிஸ்கட் டின்னிலிருந்த, தாய்க்கு எழுதிய கடிதங்கள் உதவின.

9. சட்டப்படியான உறுதிமொழி

சான்றிதழ்களைக் கோத்துக் கதையாகச் சொல்லும் ஆவணம் இது. 1835-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதப்படுவது. நம் ஊர் நீதிமன்றப் பிரமாணப் பத்திரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், வாசகம் வேறு. குடும்பத்தை நெடுங்காலமாக அறிந்த மூத்த உறவினர் ஒருவரை வைத்து எழுதினோம். தமக்கு நேரில் தெரிந்தது எது, கேட்டு அறிந்தது எது என்று அவர் பிரித்துச் சொல்லவேண்டும். தெரிந்தே பொய் சொன்னால் சிறைத் தண்டனை வரை போகும்.

வழக்கறிஞர் முன் கையெழுத்திட 5 பவுண்டு, இணைப்பு ஒவ்வொன்றுக்கும் 2 பவுண்டு. 23 சான்றிதழையும் தனித்தனி இணைப்பாக்கினால் கூடிவிடும். கிளை வாரியாகக் கட்டி ஆறு இணைப்பாக்கினோம். ஆவணங்களைத் தொகுத்து எழுதித் தந்ததற்கான வழக்கறிஞரின் கட்டணம்தான் பெரிய செலவு. மணிக் கணக்கில் வாங்குகிறார்கள். நீங்களே மரத்தையும் பட்டியலையும் ஒழுங்காகச் செய்து கொடுத்தால் பாதிக்குமேல் மிச்சமாகும்.

10. சமர்ப்பித்தபின்

விண்ணப்பம், அரச ஆவணங்களைக் கையாளும் கிரவுன் ஆபீஸுக்குப் போகும். அங்கிருந்து இங்கிலாந்துப் பட்டம் என்றால் கார்ட்டர் என்ற தலைமைக் குலச்சின்ன அதிகாரியிடமும், ஸ்காட்லாந்து என்றால் அங்கே அதே பொறுப்பிலுள்ள லார்ட் லயனிடமும் கருத்துக் கேட்பார்கள். கேள்விகள் வரும். எங்களுக்கு இரண்டு முறை வந்தன, இரண்டுமே அந்த ஆஸ்திரேலியக் கிளையைப் பற்றி. 84 வயது அம்மாவின் உறுதிமொழியை முதலிலேயே வாங்கி வைத்திருந்ததால் ஒரே வாரத்தில் பதில் அனுப்பமுடிந்தது. வேறொருவர் போட்டியாக உரிமை கோரினால் வழி வேறு. அது அரசருக்கு மனு, விசாரணை என்று நீளும். அந்தக் கட்டத்தில் இத்துறை தெரிந்த வழக்கறிஞர் இல்லாமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள்.

பதிவேட்டைக் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற குலச்சின்ன அலுவலகத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பெயர் ஏறியதும் எழுத்துகளைச் சரிபாருங்கள்.

பெயர் ஏறிவிட்டால் நாடாளுமன்ற இருக்கையும் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். 1999-இல் வந்த சட்டமே 92 பேரைத் தவிர மற்றப் பரம்பரைப் பிரபுக்கள் எல்லாரையும் அவையிலிருந்து நீக்கிவிட்டது. எஞ்சியவர்களையும் நீக்குவதற்கான மசோதா 2024-இல் வந்தது. பட்டமும் இருக்கையும் இன்று வெவ்வேறு.

அழைக்கும் முறை எளிது. பாரனை 'லார்ட்' என்று பட்டப் பெயரோடு சேர்த்து அழைப்பார்கள். அவருடைய இயற்பெயரை நடுவில் போடக்கூடாது. மனைவி 'லேடி', பட்டப் பெயரோடு. பிள்ளைகளுக்குக் கடிதத்தில் மட்டும் 'மாண்புமிகு' என்பதற்கு ஈடான அடைமொழி. பேச்சில் அதைச் சொல்வதில்லை. தமிழில் அழைப்பிதழ் அச்சிடும்போது 'பிரபு', 'சீமாட்டி' என்று போடலாம். அக்காவுக்கு வந்த முதல் கடிதத்தின் உறையில் அவள் பெயர் அப்படி இருந்ததைப் பார்த்து, அதைப் பிரிக்காமலே சுவாமி படத்தின் முன் வைத்தாள்.

இப்போதே செய்யவேண்டிய இன்னொரு வேலை: அடுத்த வாரிசுக்கான கோப்பு. அக்கா மகனின் முழுப் பிறப்புச் சான்று, அத்தான்-அக்கா திருமணச் சான்று, அவனுடைய திருமணச் சான்று, அவனுடைய இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள் ஆகியவற்றில் இரண்டிரண்டு நகல் எடுத்து, ஈரம் புகாத உறையில் போட்டு, உள்ளே இருப்பவற்றின் பட்டியலை மேலே ஒட்டி அவனிடம் கொடுத்துவிட்டேன். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கடிதமும் புகைப்படமும் அந்த உறையில்தான் இருக்கின்றன.